தூக்க நிலைகளைப் பதிவு செய்வது எப்படி: மூளை, கண், மோவாய்த் தசை

தூங்குகிறவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை ஒரே ஒரு அலைவரியை வைத்துச் சொல்ல முடியாது. கனவுகள் மிகுந்த ரெம் தூக்கத்தில் மூளையின் அலைகள், அப்போதுதான் கண்ணயர்ந்தவரின் அலைகளைப் போலவே இருக்கும். கண்களோ விழித்திருப்பவரின் கண்கள் மாதிரி ஓடும். மோவாய்த் தசை மட்டும் முற்றிலும் தளர்ந்து கிடக்கும். மூன்றையும் ஒரே நேரத்தில், ஒரே பக்கத்தில் பார்த்தால்தான் அது ரெம் என்று தீர்மானிக்க முடியும். 1953ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் தூக்கத்தில் கண்கள் வேகமாக ஓடுவதைப் பதிவு செய்தார்கள். 1959ல் பிரான்சில் மிஷேல் ஜூவே, பூனைகளில் அதே தூக்கத்தின்போது தசை இறுக்கம் அடியோடு மறைவதைக் காட்டினார். அன்று முதல் மூளைக்கு ஈஈஜி, கண்ணுக்கு ஈஓஜி, தசைக்கு ஈஎம்ஜி என்ற மூன்றும் சேர்ந்ததுதான் தூக்கப் பதிவின் அடிப்படை.

இரவு முழுவதும் நடக்கும் இந்தப் பதிவின் தரம் விளக்கை அணைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. எவ்வளவு நல்ல கருவியானாலும், சரியாகத் துடைக்கப்படாத தோலில் ஒட்டிய எலக்ட்ரோடைக் காப்பாற்றாது. அதனால் இந்தக் குறிப்பில் பாதிக்கு மேல் தோல், அளவு, பசை பற்றியே இருக்கிறது.

என்னென்ன வேண்டும்

தூக்க நிலைகளைப் பிரிக்க மட்டும் என்றால் தலையில் ஆறு, காதுகளுக்குப் பின்னால் இரண்டு, கண்களுக்கு இரண்டு, மோவாய்க்கு மூன்று, இவற்றோடு பதிவின்போது மற்றவற்றை ஒப்பிட ஒரு ரெஃபரன்ஸ், கருவியின் பொதுப் புள்ளியாக ஒரு கிரவுண்ட் என மொத்தம் 15 எலக்ட்ரோடுகள். இதயத் துடிப்புக்கு இரண்டு சேர்த்துக்கொள்வது நல்லது. ஈஈஜியில் இதயத்தின் கூர்முனை கலந்து வரும்போது அது எங்கிருந்து வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும். மூச்சு, ஆக்சிஜன் அளவு, கால் அசைவு ஆகியவை தூக்க நோய்களைக் கண்டறியத் தேவை. நிலைகளைப் பிரிக்க அவை வேண்டியதில்லை.

தலைக்குக் கிண்ண வடிவ எலக்ட்ரோடு. தங்கப் பூச்சு உள்ளதும் பயன்படும், வெள்ளி–வெள்ளிக் குளோரைடும் பயன்படும். இரண்டையும் ஒரே ஆளின் மேல் கலக்காதீர்கள். வெவ்வேறு உலோகங்கள் உப்புப் பசையோடு சேரும்போது அவற்றுக்கிடையே நிலையான ஒரு மின்னழுத்த வேறுபாடு உண்டாகும். அது மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதால் வரிகள் மேலும் கீழும் அலையும். இவை தவிர, தோலைத் தேய்க்கும் சொரசொரப்பான ஜெல், கடத்தும் பசை, பஞ்சுக் குச்சி, 2 செ.மீ. சதுரமாக வெட்டிய காஸ் துணி, மருத்துவ ஒட்டுநாடா, மில்லிமீட்டர் குறிகள் உள்ள அளவுநாடா, தோலில் குறியிட மென்மையான மெழுகுப் பென்சில் ஆகியவை வேண்டும்.

ஆம்ப்ளிஃபயர் மருத்துவப் பயன்பாட்டுக்கென்று மின்காப்பு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். தேய்த்துத் துடைத்த தோல் மின்சாரத்துக்கு மிகக் குறைந்த தடையே தரும். வீட்டு மின்சாரத்தோடு நேராக இணைந்த, காப்பில்லாத ஒரு சுற்றை அந்தத் தோலில் இணைப்பது உயிருக்கே ஆபத்து. வீட்டில் கட்டிய கருவி என்றால் பேட்டரியில் மட்டுமே இயக்குங்கள். பதிவு ஓடும் கணினியும் சார்ஜரில் செருகப்பட்டிருக்கக் கூடாது.

கருவியின் அமைப்பு

ஒவ்வொரு சேனலுக்கும் விநாடிக்கு 500 மாதிரிகள் எடுங்கள். 200க்குக் கீழே போகக் கூடாது. 500 வேண்டும் என்பதற்குக் காரணம் மூளை அலை அல்ல, தசைதான். மூளை அலைகளில் நமக்குத் தேவையானது 35 ஹெர்ட்ஸுக்குள் முடிந்துவிடுகிறது. தசைத் துடிப்பு 100 ஹெர்ட்ஸைத் தாண்டியும் போகும். 16 பிட் துல்லியத்தில் பத்து சேனல்கள் எட்டு மணி நேரம் ஓடினால் கோப்பு சுமார் 288 மெகாபைட் வரும். வட்டில் இடம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

திரையில் பார்க்கும்போது ஈஈஜிக்கும் ஈஓஜிக்கும் ஃபில்டர் 0.3 முதல் 35 ஹெர்ட்ஸ் வரை. மோவாய் ஈஎம்ஜிக்கு 10 முதல் 100 வரை. இவை காட்சிக்கான அளவுகள். சேமிப்பதை முடிந்தவரை ஃபில்டர் போடாமல் அகலமாகச் சேமியுங்கள். வெட்டி எறிந்த அலைவரிசையைக் காலையில் திரும்பப் பெற முடியாது. மின்கம்பி இரைச்சலை மட்டும் வடிகட்டும் நாட்ச் ஃபில்டரை இரவு முழுவதும் போட்டு வைக்க வேண்டாம். அந்த 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சல்தான் எந்த எலக்ட்ரோடு தளர்ந்திருக்கிறது என்பதற்கு முதல் அறிகுறி. அதை மறைத்தால் கோளாறும் மறைந்துகொண்டு வளரும்.

தலையை அளப்பது

எலக்ட்ரோடு இடங்களைக் கண்ணளவில் குறிக்காதீர்கள். 1958ல் ஹெர்பர்ட் ஜாஸ்பர் முன்வைத்த 10–20 முறைதான் இன்றும் எங்கும் வழக்கில் இருப்பது. தலை சிறியதோ பெரியதோ, தூரத்தைச் சதவீதமாகப் பிரிப்பதால் மூளையின் அதே பகுதிமேல் எலக்ட்ரோடு வந்து உட்காரும்.

நான்கு அடையாளங்களை விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். மூக்கும் நெற்றியும் சேரும் பள்ளம் ஒன்று. பின்தலையின் நடுவே, பிடரிக்கு மேலே துருத்தும் எலும்பு மேடு இன்னொன்று. சிலருக்கு இது அவ்வளவாகத் தெரியாது, தலையை லேசாகப் பின்னால் சாய்க்கச் சொன்னால் விரலுக்கு அகப்படும். மற்ற இரண்டும் காதுத் துளைக்குச் சற்று முன்னால் உள்ள பள்ளங்கள். வாயைத் திறந்து மூடச் சொன்னால் அங்கே தாடை மூட்டு அசைவது தெரியும்.

முன்பள்ளத்திலிருந்து பின்மேடு வரை உச்சி வழியாக 36 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன்னாலிருந்து 10 சதவீதத்தில், அதாவது 3.6 செ.மீ.யில் நெற்றி நடுப்புள்ளி. 30 சதவீதத்தில், 10.8 செ.மீ.யில் முன்தலை நடுப்புள்ளி. சரிபாதியில், 18 செ.மீ.யில் உச்சி. 90 சதவீதத்தில், 32.4 செ.மீ.யில் பின்தலை நடுப்புள்ளி. அடுத்து, காதிலிருந்து காது வரை உச்சி வழியாக அளங்கள். 35 செ.மீ. வந்தால் உச்சியிலிருந்து இரு பக்கமும் 20 சதவீதம், 7 செ.மீ. தள்ளி: வலப்பக்கம் சி4, இடப்பக்கம் சி3. இந்த இரு கோடுகளும் வெட்டும் இடமே உண்மையான உச்சி. ஒன்றை மட்டும் அளந்து உச்சியைக் குறித்தால் அது அநேகமாக ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

பிறகு சுற்றளவு. நெற்றி நடுப்புள்ளி, காதுக்கு மேலே காது–காது தூரத்தில் 10 சதவீதப் புள்ளி, பின்தலை நடுப்புள்ளி ஆகியவற்றின் வழியாக நாடாவைச் சுற்றுங்கள். 56 செ.மீ. என்றால் அதில் 5 சதவீதம் 2.8 செ.மீ. பின்தலை நடுவிலிருந்து வலப்பக்கம் 2.8 செ.மீ.யில் ஓ2, இடப்பக்கம் அதே தூரத்தில் ஓ1. நெற்றி நடுவிலிருந்து இதே சுற்றில் 15 சதவீதம், அதாவது 8.4 செ.மீ. வலப்பக்கம் போனால் எஃப்8. முன்தலை நடுப்புள்ளிக்கும் எஃப்8க்கும் சரி நடுவே எஃப்4. இடப்பக்கமும் இப்படியே எஃப்3. ரெஃபரன்ஸ் உச்சியில், கிரவுண்ட் நெற்றி நடுவில்.

ஏன் மூன்று வரிசை? கண்ணை மூடி விழித்திருக்கும்போது எழும் ஆல்ஃபா அலை பின்தலையில்தான் ஓங்கித் தெரியும். இரண்டாம் நிலைத் தூக்கத்தின் சிறு துடிப்புத் தொடரான ஸ்லீப் ஸ்பிண்டில் நடுத்தலையில். அதே நிலையில் தனித்து எழும் பெரிய அலையான கே–காம்ப்ளெக்ஸும் ஆழ்தூக்கத்தின் பெரிய அலைகளும் முன்தலையில். 1968ல் ரெக்ட்ஷாஃபனும் கேல்ஸும் தொகுத்த விதிகள் நடுத்தலையை மட்டுமே நம்பியிருந்தன. 2007ல் அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட விதிகளில்தான் மூன்று இடங்களும் கட்டாயமாயின. அதே விதிகளில்தான் பழைய மூன்றாம், நான்காம் நிலைகள் ஒன்றாகி, ஆழ்தூக்கமான என்3 ஆனது. அதற்கு முந்தைய இலேசான நிலைகள் என்1, என்2.

தோலும் பசையும்

வருகிறவரிடம் அன்று தலைக்குக் குளித்து, எண்ணெய், கண்டிஷனர், கிரீம் எதுவும் பூசாமல் வரச் சொல்லுங்கள். முடியைப் பஞ்சுக் குச்சியின் பின்முனையால் வகிடு பிரியுங்கள். குறி தெரியும் அளவுக்கு மட்டும் தோல் தெரிந்தால் போதும். ஜெல் தொட்ட குச்சியால் அந்த வகிட்டின் திசையிலேயே நான்கைந்து முறை தேயுங்கள். வட்டமாகத் தேய்த்தால் முடி சிக்கும், தேய்த்த பரப்பும் கிண்ணத்தைவிடப் பெரிதாகிவிடும். தோல் இளஞ்சிவப்பானால் நிறுத்த வேண்டும். ரத்தம் கசியும் அளவுக்குப் போவது தவறு. புண் இருக்கும் இடத்தைத் தொடவே வேண்டாம். மிச்ச ஜெல்லை உலர்ந்த காஸால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

கிண்ணத்தைப் பசையால் விளிம்பைச் சற்றே தாண்டும்படி நிரப்பி, தோலில் அழுத்தி, மேலே பசை தடவிய காஸ் சதுரத்தை வைத்து மூடுங்கள். உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் நடு இரவில் அந்தச் சேனல் துள்ளத் தொடங்கும். பசை அதிகமாகிப் பக்கத்து எலக்ட்ரோடு வரை பரவினால் இரண்டும் மின்னளவில் ஒன்றாகிவிடும். அப்போது வரிகள் சுத்தமாகவும் இருக்கும், ஆனால் சந்தேகப்படும்படி ஒரே மாதிரியாகவும் இருக்கும். இது இம்பிடன்ஸ் (எலக்ட்ரோடுக்கும் தோலுக்கும் இடையிலான மின்தடை) சோதனையில் அகப்படாத கோளாறு. இரண்டு சேனல்களைக் கழித்துப் பார்த்தால்தான் தெரியும்.

காதுக்குப் பின்னால் எம்1 இடப்பக்கம், எம்2 வலப்பக்கம். கெட்டியான எலும்பின் மேல் வையுங்கள். சற்றுக் கீழே இறங்கினால் கழுத்துத் தசையின் துடிப்பு எல்லாச் சேனல்களிலும் புகும், ஏனென்றால் படிக்கும்போது தலையின் ஒவ்வொரு புள்ளியும் எதிர்ப்பக்க எம்மோடுதான் ஒப்பிடப்படுகிறது: எஃப்4, சி4, ஓ2 மூன்றும் எம்1 உடன், எஃப்3, சி3, ஓ1 மூன்றும் எம்2 உடன். வலத் தொகுதியை முதன்மையாகப் படிக்கிறோம், இடத் தொகுதி காப்புக்கு. எம்1 நள்ளிரவில் கழன்றாலும் மறு தொகுதி உயிரோடு இருக்கும். இந்த இரு எலக்ட்ரோடுகளுக்குச் செலவிடும் கூடுதல் இரண்டு நிமிடம் வீணே போகாது.

கண்கள்

கண் ஒரு சிறு மின்கலம். முன்புற விழிவெண்படலம் நேர்மின், பின்புற விழித்திரை எதிர்மின். கண் எந்த எலக்ட்ரோடை நோக்கித் திரும்புகிறதோ அது நேர்மின் ஆகும். இடக்கண்ணின் வெளி ஓரத்திலிருந்து 1 செ.மீ. வெளியே, 1 செ.மீ. கீழே ஈ1. வலக்கண்ணின் வெளி ஓரத்திலிருந்து 1 செ.மீ. வெளியே, 1 செ.மீ. மேலே ஈ2. இரண்டுக்கும் ரெஃபரன்ஸ் எம்2.

ஒன்று கீழே, மற்றொன்று மேலே என்பதில்தான் இந்த அமைப்பின் நுட்பம் இருக்கிறது. ஈஈஜி வழக்கப்படி எதிர்மின் மேல்நோக்கி வரையப்படும். இடப்பக்கம் பார்த்தால் ஈ1 கீழே போகும், ஈ2 மேலே போகும். மேலே பார்த்தால் ஈ2 கீழே, ஈ1 மேலே. எந்தத் திசையில் கண் ஓடினாலும் இரு வரிகளும் எதிரெதிராக விலகும். முன்தலையிலிருந்து கசியும் பெரிய மூளை அலையோ இரண்டையும் ஒரே பக்கம் தள்ளும். ஆழ்தூக்கத்தின் அலையைக் கண் அசைவு என்று தவறாக எண்ணாமல் இருக்க இந்த ஒரு அடையாளம் போதும். இரண்டையும் ஒரே உயரத்தில் ஒட்டிவிட்டால் இட–வல அசைவு மட்டும் தெளிவாகத் தெரியும், மேல்–கீழ் அசைவும் இமைப்பும் குழம்பிவிடும்.

இங்கே தோல் மெல்லியது. ஜெல்லை மிகக் குறைவாக, கண்ணுக்கு வெளிப்புறமாகவே தேயுங்கள். முகத்தில் பசையோடு ஒட்டுநாடா போதும். கொலோடியன் எனும் வேகமாக உலரும் பசையைக் கண்ணருகே எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது.

மோவாய்

மூன்று புள்ளிகள். கீழ்த்தாடை எலும்பின் அடி விளிம்பிலிருந்து 1 செ.மீ. மேலே, நடுக்கோட்டில் ஒன்று. அந்த விளிம்பிலிருந்து 2 செ.மீ. கீழே, நடுக்கோட்டுக்கு 2 செ.மீ. வலமாக ஒன்று, 2 செ.மீ. இடமாக ஒன்று. கீழே உள்ளவற்றில் ஒன்றை மேலே உள்ளதோடு ஒப்பிடுகிறோம். மற்றது காப்பு. தாடி இருந்தால் தலைமுடியைப் போலவே வகிடு பிரித்து, பசையும் காஸும் வைத்து ஒட்ட வேண்டும். நாடா மட்டும் தாடியில் நில்லாது.

மோவாய் ஈஎம்ஜியில் எத்தனை மைக்ரோவோல்ட் என்ற எண்ணுக்கு முக்கியத்துவம் இல்லை. ஒரே இரவில், ஒரே ஆளிடம், எப்போது மிகக் குறைகிறது என்பதே கேள்வி. ஆகவே, படுத்து அமைதியாக இருக்கும்போது வரி கண்ணுக்குத் தெரியும் தடிப்பில் இருக்கும்படி திரை அளவை வைத்துக்கொண்டு, பிறகு காலை வரை மாற்றாதீர்கள். ஆரம்பத்திலேயே வரி நூல் போல் இருந்தால் ரெம் வந்தாலும் இறங்குவதற்கு இடம் இருக்காது.

இம்பிடன்ஸ்

தலை, கண் எலக்ட்ரோடுகள் எல்லாம் 5 கிலோ ஓமுக்குள் வர வேண்டும். அதைவிட முக்கியம், அவை ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பது. ஆம்ப்ளிஃபயர் இரு உள்ளீடுகளுக்கும் பொதுவாக வரும் இரைச்சலைக் கழித்துத் தள்ளுகிறது. ஒன்று 2 கிலோ ஓம், மற்றது 15 என்றால் அதே இரைச்சல் இரு பக்கமும் வெவ்வேறு அளவில் வந்து சேரும். கழித்த பிறகும் மிச்சம் நிற்கும். ஒட்டியவுடன் 8 காட்டினால் பதறித் திரும்பத் தேய்க்காதீர்கள். பசை தோலில் ஊற ஐந்து பத்து நிமிடம் கொடுங்கள், தானாகவே இறங்கும். அப்போதும் இறங்காததை மட்டும் எடுத்துத் திரும்பத் தேய்த்து ஒட்டுங்கள்.

எல்லா வயர்களையும் பின்தலையில் ஒன்றாகச் சேர்த்து, ஜடை போல் தளர்வாகக் கட்டி, தலைமாட்டுக்குக் கொண்டுபோங்கள். புரண்டு படுக்க நீளம் மிச்சம் இருக்க வேண்டும். மின்சார வயர்களுக்கு இணையாக இவற்றை ஓட விடாதீர்கள்.

படுத்தபின், விளக்கணைப்பதற்கு முன்

இதற்கு உயிர்ச் சோதனை என்று பெயர். ஆள் படுத்தபின் ஒவ்வொரு கட்டளையாகச் சொல்லி, அந்த நேரத்தைப் பதிவில் குறியுங்கள்:

1. கண்ணைத் திறந்து நேரே பாருங்கள், 30 விநாடி.
2. கண்ணை மூடுங்கள், 30 விநாடி. ஓ2வில் 8 முதல் 13 ஹெர்ட்ஸ் ஆல்ஃபா எழ வேண்டும்.
3. தலையை அசைக்காமல் இடம், வலம், ஐந்து முறை. பிறகு மேல், கீழ், ஐந்து முறை. இரு கண் வரிகளும் எதிரெதிராக விலகுகின்றனவா?
4. ஐந்து முறை கண் சிமிட்டுங்கள்.
5. பல்லைக் கடியுங்கள், ஐந்து விநாடி. மோவாய் வரி தடிக்க வேண்டும்.

கண் சோதனையில் இரு வரிகளும் ஒரே பக்கம் போனால், வயர்கள் தவறான துளையில் செருகப்பட்டிருக்கின்றன என்றோ ரெஃபரன்ஸ் குழம்பியிருக்கிறது என்றோ பொருள். விளக்கை அணைத்த பிறகு இது தெரியவந்தால் எழுப்ப வேண்டியிருக்கும்.

ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ஆல்ஃபா எழவே எழாது. இன்னும் பத்தில் ஒருவருக்கு மிகக் குறைவாகவே எழும். இது நோயல்ல, எலக்ட்ரோடின் பிழையும் அல்ல. ஆனால் காலையில் முதல் தூக்க நிலையை வேறு விதியால் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும் என்பதால் முன்பே குறித்துவையுங்கள். அவர் எடுத்துக்கொள்ளும் மருந்துகளையும் எழுதுங்கள். பென்சோடயசெபின் வகை ஸ்பிண்டிலைக் கூட்டி ஆழ்தூக்க அலையைக் குறைக்கும். எஸ்எஸ்ஆர்ஐ வகை மனச்சோர்வு மருந்துகள் ரெமில் தசைத் தளர்வைக் குலைக்கும். ரெம் அல்லாத தூக்கத்திலும் கண்களை ஓட வைக்கும்.

இரவில் என்ன கெடும்

எல்லா ஈஈஜி வரிகளும் அலையில் மிதப்பது போல மெல்ல ஏறி இறங்கினால், வியர்வை. உப்பு தோலின் மின்னழுத்தத்தை மாற்றுகிறது. இது 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதால் ஆழ்தூக்க அலை போலவே ஏமாற்றும். என்3 கூடிப்போனதாகத் தவறாகக் கணக்காகும். அறையைக் குளிர்வியுங்கள், போர்வையை விலக்குங்கள். கீழ் ஃபில்டரை 0.3லிருந்து 1க்கு ஏற்றினால் திரை அழகாகிவிடும். கூடவே உண்மையான மெல்லலைகளும் போய்விடும். அதைச் செய்யாதீர்கள்.

ஏற்ற இறக்கம் ஒரு தொகுதியில் மட்டும், மூச்சின் தாளத்தில் வந்தால், அவர் அந்தத் தொகுதி ஒப்பிடப்படும் எம் எலக்ட்ரோடின் மேல் படுத்திருக்கிறார். மறு தொகுதிக்கு மாறிக்கொள்ளுங்கள். ஒரே சேனலில் செங்குத்தான திடீர்த் துள்ளல் வந்தால் பசை காய்ந்திருக்கிறது அல்லது கிண்ணம் தூக்கிக்கொண்டிருக்கிறது. காப்பு எலக்ட்ரோடு இருந்தால் எழுப்ப வேண்டாம். எல்லாச் சேனல்களும் ஒரே நேரத்தில் கெட்டால் முதலில் உச்சி ரெஃபரன்ஸையும் கிரவுண்டையும் பாருங்கள்.

இதயத்தின் கூர்முனை தாளம் தவறாமல் எல்லா வரியிலும் வந்தால், எம்1, எம்2 இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்து ரெஃபரன்ஸாக வைத்துப் பாருங்கள். இரு பக்கமும் இதய மின்னலை எதிரெதிராக வருவதால் பெரும்பாலும் ரத்தாகிவிடும். குறட்டை மோவாய் வரியில் மூச்சுக்கு மூச்சு தடிப்பாக வரும். அதைத் தசை இறுக்கம் என்று படிக்காமல், குறட்டைகளுக்கு நடுவே உள்ள வரியின் அடிமட்டத்தைப் பாருங்கள்.

காலையில் படிப்பது

பதிவை 30 விநாடிப் பக்கங்களாகப் பிரிப்பது காகிதக் காலத்தின் மிச்சம். விநாடிக்கு 10 மி.மீ. வேகத்தில் ஓடிய காகிதத்தில் ஒரு பக்கம் 30 செ.மீ., அதாவது 30 விநாடி. எட்டு மணி நேரத்துக்கு 960 பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே ஒரு நிலைதான். ஒரு பக்கத்தில் இரண்டு நிலைகள் கலந்தால் எது அதிக இடம் பிடிக்கிறதோ அது.

விழிப்பு: பக்கத்தில் பாதிக்கு மேல் பின்தலையில் ஆல்ஃபா. என்1: ஆல்ஃபா கரைந்து, 4 முதல் 7 ஹெர்ட்ஸ் தாழ்ந்த கலப்பு அலை பாதிக்கு மேல். கண்கள் மெல்ல உருளும். அந்த அசைவின் முதல் ஏற்றமே அரை விநாடிக்கு மேல் எடுக்கும். ஆல்ஃபா எழாதவர்களிடம் இந்த மெல்லுருளல், விழிப்பைவிட 1 ஹெர்ட்ஸாவது மெதுவான 4–7 ஹெர்ட்ஸ் அலை, நடுத்தலையில் அரை விநாடிக்குக் குறைவான கூர்முனை ஆகியவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவே தொடக்கம்.

என்2வின் முத்திரைகள் இரண்டு. ஸ்பிண்டில் 11 முதல் 16 ஹெர்ட்ஸ் வேகத்தில், அரை விநாடியாவது நீடிக்கும் சிறு துடிப்புத் தொடர். கே–காம்ப்ளெக்ஸ் கூர்மையாக மேலே எழுந்து உடனே கீழே இறங்கும் பெரிய அலை. அதுவும் அரை விநாடியாவது இருக்கும். இவற்றில் ஒன்று பக்கத்தின் முதல் பாதியிலோ முந்தைய பக்கத்தின் பின்பாதியிலோ வந்தால் இந்தப் பக்கம் என்2. அடுத்தடுத்த பக்கங்களில் முத்திரை இல்லாவிட்டாலும், விழிப்பதிர்வு வந்து குலைக்காதவரை என்2 தொடரும். புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் தவறுவது இந்தத் தொடர்ச்சி விதியில்தான்: முத்திரை காணோம் என்று ஒவ்வொரு பக்கமும் என்1க்குத் தள்ளிவிடுகிறார்கள். விழிப்பதிர்வு என்பது குறைந்தது 10 விநாடி நிலையான தூக்கத்துக்குப் பிறகு, 3 விநாடியாவது நீடிக்கும் திடீர் வேக மாற்றம். ரெமில் இதற்கு மோவாய்த் தசையும் 1 விநாடியாவது கூட வேண்டும். அதன்பின் அடுத்த ஸ்பிண்டிலோ கே–காம்ப்ளெக்ஸோ வரும்வரை என்1.

என்3: 0.5 முதல் 2 ஹெர்ட்ஸ் வேகத்தில், உச்சிக்கும் அடிக்கும் இடையே 75 மைக்ரோவோல்ட்டைத் தாண்டும் அலைகள் பக்கத்தில் குறைந்தது 20 சதவீதம், அதாவது 6 விநாடி. முன்தலைச் சேனலில் அளங்கள். நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் 37.5 மைக்ரோவோல்ட்டில் திரையில் கோடு போட்டுக்கொண்டால் கண் ஏமாறாது. வயதானவர்களின் அலைகள் தாழ்ந்திருக்கும். அதற்காக 75ஐத் தளர்த்தக் கூடாது.

ரெம்: தாழ்ந்த கலப்பு அலை, இரவின் மிகக் குறைந்த மோவாய் இறுக்கம், அரை விநாடிக்குள் ஏறிவிடும் வேகமான கண்ணோட்டம். நடுத்தலையில் 2–6 ஹெர்ட்ஸில் ரம்பப் பல் போன்ற அலைகள் வந்தால் துணைச் சான்று. கண் ஓட்டம் விட்டுவிட்டுத்தான் வரும். ஒருமுறை ரெம் உறுதியானபின், கண் அசையாத பக்கங்களையும், மோவாய் தாழ்ந்தே இருந்து ஸ்பிண்டிலோ கே–காம்ப்ளெக்ஸோ வராதவரை, ரெம் என்றே படியுங்கள். கால் விநாடிக்கும் குறைவான தசைத் துடிப்புகள் அங்கங்கே வெட்டினால் அது ரெமுக்கு இயல்பே. மோவாய் இறுக்கமே இறங்காமல் ரெம் முழுவதும் நீடித்தால், மருந்துப் பட்டியலைப் பாருங்கள். அங்கே காரணம் இல்லையென்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய கண்டுபிடிப்பு அது.

கணக்கு எளிது. விளக்கணைத்தது இரவு 10.30, விளக்கு போட்டது காலை 6.00 என்றால் 450 நிமிடம், 900 பக்கங்கள். விழிப்பு அல்லாதவை 765 பக்கங்கள் என்றால் தூங்கியது 382.5 நிமிடம், தூக்கத் திறன் 85 சதவீதம். இளம் வயதினரிடம் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி என்2, 20 முதல் 25 சதவீதம் ரெம். முதல் ரெம் தூங்கி 90 நிமிடத்தை ஒட்டி வரும். உங்கள் பதிவில் ரெம் தாமதமாகவும் குறைவாகவும் இருந்தால் உடனே முடிவு கட்டாதீர்கள். புது இடம், தலை நிறைய வயர் என்ற முதல் இரவின் விளைவு 1966லேயே விவரிக்கப்பட்டது. ஆய்வுக்கு என்றால் முதல் இரவைப் பழக்கத்துக்கு விட்டுவிட்டு இரண்டாம் இரவைக் கணக்கில் எடுப்பது நல்லது.

தானாகப் பிரிக்கும் மென்பொருள்கள் இப்போது நன்றாகவே வேலை செய்கின்றன. இடிஎஃப்பிரௌசரில் கோப்பைத் திறந்து பார்க்கலாம், யாசா போன்ற இலவசத் தொகுப்பில் நிலைகளைப் பிரிக்கலாம். ஆனால் அவை தவறும் இடம் மனிதர்கள் தவறும் இடமேதான்: என்1, மற்றும் என்2க்கும் என்3க்கும் இடையிலான எல்லை. தேர்ந்த இருவர் ஒரே பதிவைப் படித்தாலும் ஒத்துப்போவது சுமார் 80 சதவீதப் பக்கங்களில்தான். அதனால் மென்பொருள் தந்த முடிவில் என்1 பக்கங்களையும், நிலை மாறும் இடங்களுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு பக்கங்களையும், முதல் ரெம் தொடங்கும் இடத்தையும் கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள். விளக்கணைத்த நேரக்குறி தவறாகப் பதிவாகியிருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். அது ஐந்து நிமிடம் பிசகினால் தூங்க எடுத்த நேரம், தூக்கத் திறன் இரண்டும் பிசகும்.